உருகிப்போன சுவிட்ச்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, மாடிப்படிக்குக் கீழே இருந்த தையல் அறை எரிந்தது.

யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடியும்வரை நீங்கள் அதே கவலையோடு இருப்பீர்கள். ஆனால் தையல் அத்தையின் வலது கை வெந்துபோனது. தைத்து முடித்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், புகையைப் பார்த்ததும் உள்ளே ஓடித் தையல் மிஷினைப் பிடித்து இழுத்திருக்கிறார். மிஷின் இரும்பு. அது எவ்வளவு சூடேறியிருக்கும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாடிகளில் குடியிருந்த ஒன்பது குடும்பமும் தெருவில் நின்றது.

நட்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா? அவள் பாவாடைப் பையில் எப்போதும் நான்கைந்து நட்டும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் கிடக்கும். துணி துவைக்கும்போது அவை வாளிக்குள் கடகடவென்று விழும். "நட்டு கழண்டவளே" என்று அம்மா திட்டுவார். அந்தத் திட்டே பெயராகிவிட்டது.

உடைந்த ரேடியோ, ஓடாத பொம்மைக் கார், சுற்றாத மின்விசிறி, எது கிடைத்தாலும் பிரித்துப் பார்த்தால்தான் நட்டுவுக்குச் சோறு இறங்கும். ஆனால் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டும்போது வரும் வாடை அம்மாவுக்கு ஆகவே ஆகாது. அதனால் தையல் அத்தைதான் தன் அறையில் ஒரு பலகையை அவளுக்குக் கொடுத்திருந்தார்.

"இந்தப் பலகைய நீ வச்சுக்க. ஆனா என் துணிமேல ஒரு சொட்டுக் கறை பட்டுச்சுன்னா, உன்னையும் சேர்த்து வச்சுத் தச்சிடுவேன்" என்றார் அத்தை.

அந்தப் பலகைமேல்தான் நட்டு தன் முதல் ரோபோவைச் செய்தாள். உடம்பு ஒரு பிஸ்கட் டின். கால்களுக்குப் பதில் பொம்மைக் காரின் இரண்டு சக்கரங்கள், சக்கரத்துக்கு ஒரு மோட்டார். அடியில் ஒரு காந்தம். அத்தை தைக்கும்போது தரையில் சிந்தும் குண்டூசிகளை அது ஊர்ந்து ஊர்ந்து பொறுக்க வேண்டும். அதனால் அதற்குப் பொறுக்கி என்று பெயர் வைத்தாள்.

அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வெளியில வச்சு இத சத்தமாக் கூப்பிட்டுடாதம்மா. தெருவுல நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க."

இப்போது அத்தை சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கை முழுக்க வெள்ளைக் கட்டு.

"இஸ்திரிப் பெட்டிய அணைக்காமப் போயிட்டீங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "மேல ஒம்பது குடும்பம் இருக்கு. சின்னச் சின்னக் குழந்தைங்க இருக்கு. ஏதாவது ஆகியிருந்தா?"

"அணைச்சேன்னுதான் நெனச்சேன்" என்றார் அத்தை.

"நெனச்சீங்க."

வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் தையல் அறையையும் அத்தை குடியிருந்த பின்பக்க அறையையும் காலி செய்துவிடச் சொன்னார். கை வெந்தவரிடம் அன்றைக்கே அதைச் சொல்ல வேண்டுமா? எனக்கு அந்த மனிதர்மேல் இன்றைக்கும் கொஞ்சம் கோபம்தான்.

புதன்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் முன் நட்டு அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரெல்லாம் கரி. இஸ்திரி போடும் மேசையின் மேற்பக்கம் மட்டும் கருகியிருந்தது. ஆனால் அவளுடைய பலகை இருந்த இடத்தில் பலகையே இல்லை. அங்கே சுவர்ப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. கீழே சாம்பலில் பிஸ்கட் டின் கிடந்தது. அதன் மூடி வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உள்ளிருந்து எதுவோ வெடித்தால்தான் மூடி அப்படிப் பிதுங்கும்.

நட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பொறுக்கிக்கு ஒரு பழைய செல்போன் பேட்டரியைப் போட்டிருந்தாள். ரிப்பேர் கடைக் குப்பையிலிருந்து எடுத்தது. சார்ஜ் போட்டால் அது ஏறவே இல்லை. பேட்டரியின் தலையில் ஒரு சின்னப் பச்சை போர்டு ஒட்டியிருக்கும். பேட்டரி கெட்டுப்போயிருந்தால் கரண்டை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. நட்டுவோ, போர்டுதான் பழுது என்று நினைத்தாள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒயரை நேராகப் பேட்டரியில் ஒட்டினாள். வீட்டுக் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

உடனே சார்ஜ் ஏறியது. பொறுக்கி ஓடியது. இரண்டு நாள் அவள் கால் தரையில் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, சாயங்காலத்துக்குள் நிறையட்டும் என்று சார்ஜில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, இன்னும் வரவில்லை. நட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத."

நட்டு அவரையே பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

"சொன்னா அடுத்தது நம்மளத்தான் காலி பண்ணச் சொல்லுவாரு. இத விட்டா அம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல வீடு எங்க இருக்கு? உன் ஸ்கூல் என்ன ஆகும்? அவங்களுக்காவது மகன் இருக்கான், கூட்டிட்டுப் போயிடுவான்."

"அத்தைக்கு அங்க போகப் பிடிக்காதுப்பா. அங்க தைக்கவே விடமாட்டாங்களாம்."

"கையில்லாம எப்படிம்மா தைப்பாங்க?" என்றார் அப்பா. சொன்ன பிறகு அவருக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை வெகுநேரம் மூடவே இல்லை.

அப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நட்டு படியிறங்கும்போது அத்தை தன் அறை வாசலில் நின்றிருந்தார். சாவி கையில் இருந்தது. பூட்டிய கதவைத் திறந்து உள்ளே போனார், வந்தார், பூட்டினார். இரண்டு படி இறங்கினார். மறுபடி திரும்பிப் போய்த் திறந்தார்.

"என்ன அத்தை?"

"அடுப்பு." அத்தையின் குரல் தேய்ந்துபோயிருந்தது. "அணைச்சிட்டுத்தான் வந்தேன். ஆனா அன்னைக்கும் அப்படித்தானே நெனச்சேன். நீ போய் ஒரு தடவ பாரேன் கண்ணு. என்னை இனிமே நம்ப முடியல."

நட்டு போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. குளிர்ந்தே போயிருந்தது.

"அணைஞ்சிருக்கு அத்தை."

"மகன் சொல்றான், வயசாச்சும்மா, ஞாபகம் போகுது, தனியா இருக்காதீங்கன்னு. அவன் சொல்றது சரிதானோ என்னமோ." அத்தை கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு உன் பேரே மறந்தாலும் மறந்துடுவேன்."

அறை போனால் வேறு அறை பார்க்கலாம். ஆனால் தன் மூளையே கெட்டுப்போனது என்று ஒருவர் நம்பிவிட்டால், அப்புறம் என்ன செய்வது? அந்த நம்பிக்கையை அத்தையின் தலையில் ஏற்றியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அன்று பள்ளியில் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், முதல் மாடிக்குப் போய் வீட்டுக்காரர் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், தீ என்னாலதான் பிடிச்சுது" என்றாள். பேட்டரி, பச்சை போர்டு, சார்ஜர், எதையும் விடவில்லை.

வீட்டுக்காரர் கேட்டார். கேட்டு முடித்ததும் அவள் தலையைத் தடவினார்.

"அந்த அத்தைமேல உனக்கு எவ்வளவு பாசம்னு தெரியும்மா. அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"பொய் இல்ல அங்கிள்."

"தீப்பெட்டி அளவு பேட்டரி. பொம்மை வண்டியில போடுறது. அது போய் ஒரு ரூமையே எரிக்குமா? சுவத்துல இஸ்திரிப் பெட்டி சுவிட்ச் உருகி வழிஞ்சு நிக்குது, பார்த்தியா இல்லையா? அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

உண்மையைச் சொன்னால் அடி விழும், திட்டு விழும் என்றுதான் அவள் பயந்திருந்தாள். நம்பவே மாட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆனால் படியிறங்கும்போது வீட்டுக்காரர் சொன்னது அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் உருகி வழிந்திருக்கிறது. சரி. வெளியே உருகியது பிளாஸ்டிக். உள்ளே இருப்பது பித்தளை. ஒரு சின்ன நாக்கு. சுவிட்சைப் போட்டால் அந்த நாக்கு எதிர்ப் புள்ளியைத் தொடும், அணைத்தால் விலகும். பித்தளை அந்தச் சூட்டுக்கெல்லாம் உருகாது. பிளாஸ்டிக் உருகி உள்ளே வழிந்து மறுபடி இறுகியிருந்தால், தீப்பிடித்த நேரத்தில் நாக்கு எங்கே இருந்ததோ அங்கேயேதான் மாட்டிக்கொண்டிருக்கும்.

எத்தனை சுவிட்சைப் பிரித்திருக்கிறாள் அவள். வீட்டில் திட்டு வாங்கியதெல்லாம் வீண்போகவில்லை.

சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். கரிந்த ஒயரையெல்லாம் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நட்டு ஓடிப்போய் நின்றாள்.

"அண்ணா, அந்தச் சுவிட்ச மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க."

"குப்பைய வச்சு என்ன பண்ணப் போற?"

"உள்ள நாக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கணும்."

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அது சரி. யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, உருகிய கட்டியைச் சாக்கிலிருந்து எடுத்தார். அதை உடைக்கக் கையில் குறடு ஒன்றையும் எடுத்துவிட்டார்.

"இப்ப வேணாம்ணா. அங்கிளும் அத்தையும் வரட்டும். நம்ம ரெண்டு பேரும் தனியாத் தெறந்தா, நானே மாத்தி வச்சிட்டேன்னு சொல்லுவாங்க."

மாடிக்கு ஓடினாள். வீட்டுக்காரர் சலித்துக்கொண்டே இறங்கினார். அத்தை வர மறுத்தார். "எனக்கு அத மறுபடி பார்க்க வேணாம்மா" என்றார். நட்டு அவருடைய நல்ல கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சத்தம் கேட்டு அப்பாவும் வந்து படியில் நின்றார். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தடுக்க நினைத்தவர்போல ஒரு படி இறங்கினார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார்.

எலக்ட்ரீஷியன் சின்ன ரம்பத்தால் கட்டியை மெதுவாக அறுத்தார். அது இரண்டாகப் பிரிந்தது. சாக்குத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாருங்க. இது நாக்கு. இது புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் போய் உறைஞ்சிருக்கு. ரெண்டும் ஒட்டவே இல்ல." அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சுவிட்ச் அணைச்சுத்தான் சார் இருந்திருக்கு. அணைச்ச இஸ்திரிப் பெட்டி எப்படித் தீப்பிடிக்கும்?"

நட்டு சாம்பலில் கிடந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே செம்புத் தகடு கருகிச் சுருண்டு கிடந்தது.

"செல்போன் பேட்டரி" என்றார் எலக்ட்ரீஷியன். "மேல போர்டு இருக்குமே, அது எங்க?"

"நான்தான் எடுத்துட்டேன்."

அவர் முகம் மாறியது. "இத உங்க வீட்டுல கட்டிலுக்குப் பக்கத்துல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"இப்பத் தெரியும்" என்றார் அவர்.

அத்தை சுவிட்சின் ஒரு பாதியை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு அந்தப் பித்தளை நாக்கையே பார்த்தார். ஒரு தையலில் குற்றம் தேடுகிறவரைப்போல வெகுநேரம் பார்த்தார்.

"அணைச்சிருக்கேன்" என்றார். பிறகு வேறு குரலில், "நான் அணைச்சிட்டுத்தான் போயிருக்கேன்" என்றார்.

நட்டு அருகே போனாள்.

"அத்தை..."

"கிட்ட வராத. நாலு நாளு. நாலு நாளு நான் தூங்கல. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு. அடுப்பப் பார்த்துட்டு வான்னு உன்னைத்தான் அனுப்பினேன். அப்பவும் வாயத் தெறக்கலையே நீ."

நட்டு தலை குனிந்தாள்.

அப்போது அப்பா படியிறங்கி வந்தார்.

"பிள்ள மறுநாளே சொல்லிட்டா. நான்தான் வாய மூடுன்னு சொன்னேன்." அவர் குரல் கரகரத்தது. "வீடு போயிடுமேன்னு. உங்க முகத்தப் பார்த்துச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்லக்கா."

வீட்டுக்காரர் இருமினார். "நேத்து அவளா வந்து என்கிட்டயும் சொன்னா. நான்தான் நம்பல." பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டே, "அப்படின்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்கதான்..." என்று அப்பாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அத்தை.

வீட்டுக்காரர் நின்றார்.

"உங்களுக்கு யாரையாவது காலி பண்ணச் சொல்லாட்டி ஞாயித்துக்கிழம விடியாதா? இவங்களையும் அனுப்பிட்டா இந்தக் கரியெல்லாம் யாரு சுரண்டுறது? யாரு வெள்ளையடிக்கிறது? நீங்களா?"

வீட்டுக்காரர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் சாக்குக்குள் எதையோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிமே அந்த ரூமுல எதுவும் சார்ஜ் போடக் கூடாது" என்றார் வீட்டுக்காரர் கடைசியில்.

"மாட்டேன்" என்றாள் நட்டு.

அத்தை அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அப்பாவும் நட்டுவும் சுவரைச் சுரண்டினார்கள். அம்மா வேலை முடிந்து வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு சேர்ந்துகொண்டார். அம்மாவும் நட்டுவிடம் அதிகம் பேசவில்லை. கரி மூக்கிலும் காதிலும் ஏறியது. அத்தையின் கை ஆற ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதாகவும், ஒரு விரல் இனி முன்போல மடங்காது என்றும் அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். நட்டு சுரண்டுவதை நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்தால் கரிதான் ஒட்டும் என்பதால் துடைக்கவும் இல்லை.

மதியம் அத்தை வந்தார். அவர் கையில் ஒரு புது நோட்டும் பேனாவும் இருந்தன. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையக் கழுவிட்டு வா" என்றார் நட்டுவிடம்.

நட்டு கழுவிவிட்டு வந்தாள்.

"என் அளவு நோட்டு எரிஞ்சுபோச்சு. இந்தத் தெருவுல பாதிப் பேரோட அளவு அதுலதான் இருந்துச்சு. என்னால பேனா பிடிக்க முடியாது. நான் சொல்றேன், நீ எழுது."

"நோட்டு இல்லாம எப்படி அத்தை?"

"எழுதுன்னு சொன்னேன்."

நட்டு தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டாம் மாடி டீச்சர். தோள் பதினாலு, மார்பு முப்பத்தாறு, கை பத்து. இடது கை மட்டும் அரை இஞ்ச் கூட. அவங்க பொண்ணு, தோள் பன்னெண்டு. மருந்துக்கடைக்காரர் சட்டை, கழுத்து பதினாறு, உயரம் முப்பது. உங்கம்மா, தோள் பதினாலரை..."

அம்மா சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அப்பாவும் நிறுத்தினார். அத்தை எங்கேயும் தடுமாறவில்லை. ஒரு பக்கம் நிறைந்தது, இரண்டு பக்கம் நிறைந்தது, நட்டுவின் விரல் வலித்தது. நடுவில் அத்தையின் போன் அடித்தது. மகன்தான். நட்டு போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

"வண்டியெல்லாம் எடுத்துட்டு வராதப்பா" என்றார் அத்தை. "உங்கம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ ஏழாம் வகுப்புல எந்தக் கால்சட்டையில எங்க கிழிச்சேன்னு வேணும்னா இப்பவே சொல்லட்டுமா? ... சரி, வச்சிடு."

பதினேழாவது பெயர் எழுதும்போது வாசலில் நிழல் விழுந்தது. சுவர் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க வீட்டுக்காரர் வந்திருந்தார்.

"வீட்டுக்காரர், பேன்ட்" என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே. "உயரம் முப்பத்தொம்பது. இடுப்பு நாப்பத்திரண்டு."

"நாப்பது" என்றார் வீட்டுக்காரர்.

நட்டு பேனாவைத் தூக்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டுன்னே எழுது" என்றார் அத்தை. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.